வெளியூர் போன சுருதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்ற வரும் லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும்போது இப்போதெல்லாம் வெறும் பீப் சத்தம்தான். எப்போதாவது, ஹாரன் பெட்டி மாற்றாத பழைய வண்டி ஒன்று உள்ளே வந்துவிட்டால் மட்டும் அந்த மெட்டு காதில் விழும். பஞ்சமமும் அதை ஒட்டிய பிரதி மத்தியமமும் மாறி மாறி உரசி, ரிஷபத்துக்குத் தாவி, சுத்த மத்தியமம், காந்தாரம் வழியாக சட்ஜத்தில் வந்து உட்காரும் ஒன்பது ஸ்வரங்கள். பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’. கைப்பேசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆலை ஆபீஸ்களோடு பேசிப் பழகியவர்களுக்கு இது லாரி மெட்டு அல்ல, போன் மெட்டு. பாரிமுனையிலிருந்து ஆர்டர் விஷயமாகக் கூப்பிட்டால், “லைன்ல இருங்க சார்” என்று ஆபரேட்டர் அம்மா சொல்லிவிட்டு பர்ச்சேஸுக்கோ டெஸ்பாட்சுக்கோ இணைப்புத் தேடப் போய்விடுவார். அந்த இடைவெளியை நிரப்பியது இந்த மெட்டுதான். எஸ்.டி.டி. பூத்தில் நிற்பவருக்கு எதிரே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். மெட்டு ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும். இப்படி ஒரு தலைமுறையே பீத்தோவனைப் பெயர் தெரியாமல் மனப்பாடம் செய்தது. ஆபரேட்டர் வேலையும் பூத்தும் போய்விட்டன. மெட்டு மட்டும் எங்கோ ஒரு பழைய வண்டியின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மெட்டைப் பதித்துவைத்திருந்த சில்லுக்குள் இருந்தது முழுப் பாட்டு அல்ல, அதன் முதல் பகுதி மட்டுமே. 1810-ல் எழுதப்பட்டு, பீத்தோவன் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து 1867-ல் அச்சேறிய அந்தச் சிறு பியானோத் துண்டு, உண்மையில் நடுவில் வேறொரு சுருதிக்குப் போய்வருகிறது. ஏ மைனரில் தொடங்கியது எஃப் மேஜருக்குப் போய், கொஞ்சம் சிரித்துவிட்டு, திரும்புகிறது. போனில் அந்தப் பயணம் கிடையாது. சுருதி அசையாமல் முதல் சில வரிகளே சுற்றிச் சுற்றி வரும். நம் ஊரில் மேற்கத்திய செவ்வியல் இசை வந்துசேர்ந்த விதமே ஏறக்குறைய இதுதான் என்பது என் எண்ணம். மெட்டு வந்தது, வாத்தியம் வந்தது, நொட்டேஷன் வந்தது. மெட்டைச் சுமந்துகொண்டு சுருதியே வெளியூர் போய்த் திரும்பும் அந்த அமைப்பு, அதாவது பியானோ சொனாட்டாக்களின் உயிராக இருந்த அமைப்பு, வாசல்வரை வந்தும் உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் சொனாட்டாவைப் பற்றியும் ஒன்று புரிகிறது, நம் தம்புராவைப் பற்றியும் ஒன்று புரிகிறது. அந்த வாசலும் தற்செயலாக இந்த வட்டாரத்தில்தான் இருந்தது.

இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் பெயர்பெற்ற மணலி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒரு ஜமீன் கிராமம். கவர்னர் பிகட்டிடம் துபாஷாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், ராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தைத் தன் ஊருக்கு அழைத்துவந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் என்ற சின்னையா முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். இந்தச் சின்னையா முதலியார்தான் தீட்சிதரின் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரப் பேண்டு வாசிப்பைக் கேட்கவைத்தவர். 1775-ல் திருவாரூரில் பிறந்த மூத்தவர் முத்துசுவாமி காதில் அந்த மெட்டுகள் தங்கின. இளையவர் பாலுசுவாமி வயலினைக் கையில் எடுத்தார், ஒரு ஐரோப்பியரிடம் பாடமும் கேட்டார். கர்நாடகக் கச்சேரி மேடையில் இன்று வயலின் இல்லாத இடம் இல்லை. அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று மணலியில் இருக்கிறது என்பதை அந்த ஊரின் புகைபோக்கிகளைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது. முத்துசுவாமி பிறகு காசிக்குப் போனார். திரும்பிவந்து இதே மாவட்டத்தின் மேற்கே திருத்தணி மலையில், முருகன் வாயில் கற்கண்டு போட்டதாகச் சொல்லப்படும் அந்த நாளில், மாயாமாளவகௌளையில் முதல் கிருதியைப் பாடினார். ஒரே மனிதருக்கு மேற்கின் காது மணலியிலும் வாக்கு திருத்தணியிலும் திறந்திருக்கிறது. இரண்டும் திருவள்ளூர் மண். 

கோட்டையில் கேட்டவற்றுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய சாகித்தியங்களே நொட்டுஸ்வரங்கள். சுமார் நாற்பது இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணம், அதுவும் கமகம் இல்லாத, நேர்க்கோட்டுச் சங்கராபரணம். மேற்கத்தியர்கள் சி மேஜர் என்று சொல்வதன் ஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டு ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. இன்று எல்கேஜி குழந்தைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று பாடும் பிரெஞ்சு மெட்டு ‘ச்யாமளே மீனாக்ஷி’ ஆயிற்று. இந்த இரண்டாவது மெட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏறத்தாழ அதே தலைமுறையில், 1780-களின் தொடக்கத்தில், மொசார்ட் வியன்னாவில் இதே மெட்டை எடுத்துப் பியானோவுக்கு 12 மாறுபாடுகள் எழுதினார். அவரும் சி மேஜரில்தான் எழுதினார். ஒரு மாறுபாட்டில் மட்டும் மைனர் நிறம் பூசினாரே தவிர, பன்னிரண்டிலும் சட்ஜம் இருந்த இடத்தில் இருந்தது. கர்நாடக இசைக்காரர் யாரிடமாவது இதை வாசித்துக் காட்டினால், “சங்கதிதானே” என்பார். சரியான மதிப்பீடுதான். ஒரு வரியை எடுத்து மேலும் மேலும் நகாசு செய்வது நமக்கு அந்நியமே அல்ல. ஆக, கோட்டையிலிருந்து மணலிக்கு வந்தது நம்மிடம் ஏற்கெனவே இருந்ததோடு ஒத்துப்போன பகுதி. அதே மொசார்ட் அதே பத்தாண்டில் எழுதிய சொனாட்டாக்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அது வண்டி ஏறவில்லை.

ஏறாததற்கு இடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பேண்டு வாத்தியம் வெட்டவெளிச் சமாசாரம், அணிவகுப்பு மைதானத்தில் நிற்கிறவன் எவன் காதிலும் விழும். பியானோ சொனாட்டா அந்தக் காலத்தில் வீட்டு இசை. மாலை விருந்துக்குப் பின் வரவேற்பறையில் வீட்டுப் பெண்கள் வாசிப்பதற்காக அச்சடித்து விற்கப்பட்டது. துபாஷ் கணக்கோடு அந்த வீட்டுக்குள் போகலாம். துபாஷ் ஆதரித்த வித்வானின் பிள்ளைக்கு அந்த அறையில் நாற்காலி இருந்திருக்காது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: தீட்சிதருக்கு அது எட்டாமல் போகவில்லை, கேட்டிருந்தாலும் தள்ளியிருப்பார், ஏனென்றால் கட்டை வாத்தியத்தில் கமகம் பேசாது. வயலினில் விரலை இழுக்கலாம், அதனால் வயலினை எடுத்தார்கள். பியானோவின் கட்டைகளுக்கு இடையே போக வழியில்லை, அதனால் பியானோவை விட்டார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது வாத்தியத்தைத்தான் விளக்குகிறது, அமைப்பை விளக்கவில்லை. நொட்டுஸ்வரங்களில் கமகமே இல்லையே? கமகமில்லாத இசையைப் பாட தீட்சிதர் கூசவில்லை. அந்த நாற்பதிலும் அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று, சட்ஜத்தை இடம்மாற்றுவது. அதை, காதில் தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும் யாரும் செய்ய மாட்டார்கள்.

சட்ஜத்தை இடம்மாற்றுவது என்றால் என்ன என்று ஒரே ஒரு சொனாட்டாவில் பார்க்கலாம். 1788 ஜூனில் மொசார்ட் ‘தொடக்க மாணவர்களுக்கு’ என்று தன் பட்டியலில் குறித்துவைத்த சி மேஜர் சொனாட்டா, கே. 545. பியானோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உலகெங்கும் இதைத் தட்டியிருப்பார்கள். முதல் பகுதி 73 பார்கள்தான். இடது கை ஸ-ப-க-ப என்று உடைத்து உடைத்து மீட்ட, வலது கை சங்கராபரணத்தின் ஸ-க-ப-வில் நிதானமாகத் தொடங்குகிறது. பிறகு வரிசையாகச் சரளி வரிசை மாதிரி ஏற்ற இறக்கங்கள். பதின்மூன்றாவது பார் வாக்கில் ஒரு சின்ன நிறுத்தம். அடுத்து வரும் இரண்டாவது மெட்டில் சுத்த மத்தியமம் காணாமல் போய் பிரதி மத்தியமம் தலைகாட்டுகிறது. தம்புராவை வைத்துக்கொண்டு கேட்டால் சங்கராபரணம் கல்யாணியாகிவிட்டது என்போம். மொசார்ட்டிடம் தம்புரா இல்லை. அவர் இடது கையையும் கூடவே நகர்த்திவிடுகிறார். எனவே கேட்பது கல்யாணி அல்ல, பழைய பஞ்சமத்தைப் புதிய சட்ஜமாக வைத்துக்கொண்ட இன்னொரு சங்கராபரணம். ராகம் மாறவில்லை, ஊர் மாறிவிட்டது. இருபத்தெட்டாவது பாரில் அந்தப் புதிய ஊரிலேயே முதல் பாதி முடிகிறது. நடுப் பகுதியில் எந்த ஊரிலும் கால் தரிக்காமல் மைனர்களுக்குள் ஓட்டம். பின் நாற்பத்திரண்டாவது பாரில் ஆரம்ப மெட்டு திரும்புகிறது, ஆனால் வீட்டுக்கு அல்ல, எஃப் மேஜருக்கு. அதாவது பழைய மத்தியமம் சட்ஜமாகிறது. ஐம்பத்தொன்பதில்தான் அந்த இரண்டாவது மெட்டு முதல் முறையாக சி மேஜரில், சொந்தச் சட்ஜத்தில் ஒலிக்கிறது. அதற்குப் பிறகு அசையவில்லை.

இசைப் பாடநூல் இதைக் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்லும். எக்ஸ்பொசிஷன், டெவலப்மென்ட், ரீகேபிடுலேஷன் என்று மூன்று அறைகள், முதல் அறையில் எதிரெதிரான இரண்டு மெட்டுகள், ஒன்று வீரம், இன்னொன்று குழைவு, நடு அறையில் அவற்றின் மோதல், கடைசியில் சமாதானம். இந்த வரைபடத்தை வரைந்தவர்கள் பீத்தோவனின் சீடர் செர்னியும், பெர்லினில் இசை இலக்கணம் எழுதிய ஏ.பி. மார்க்ஸும், 1840-களில். மொசார்ட் 1791-லும் ஹைடன் 1809-லும் பீத்தோவன் 1827-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இலக்கியம் முதலில், இலக்கணம் பிறகு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. அதனால் ‘சொனாட்டா அமைப்பு என்பதே பின்னால் வந்த வாத்தியார்களின் கற்பனை’ என்று சிலர் சொல்வதை நான் முழுக்க மறுக்கமாட்டேன். இரண்டு மெட்டுகளின் மோதல் என்பது கற்பனைதான். ஹைடன் தன் 104-வது சிம்பொனியில் இரண்டாவது மெட்டு வரவேண்டிய இடத்தில் முதல் மெட்டையே வேறு சுருதியில் வைத்துவிட்டுப் போகிறார். மோதுவதற்கு எதிராளியே இல்லை, ஆனாலும் அமைப்பு நிற்கிறது. அவருக்கு முன்னால் ஸ்பெயின் அரண்மனையில் 555 ஒற்றைத் துண்டு சொனாட்டாக்கள் எழுதிய ஸ்கார்லாட்டியிடம் பெரும்பாலும் ஆரம்ப மெட்டு திரும்புவதே இல்லை. முதல் பாதியின் கடைசி வரிகள் எந்த ஸ்வரங்களில் வெளியூரில் ஒலித்தனவோ, அவையே இரண்டாம் பாதியின் கடைசியில் வீட்டுச் சுருதியில் ஒலிக்கும். மெட்டு எண்ணிக்கை மாறுகிறது, வரிசை மாறுகிறது, திரும்புவது எது என்பதும் மாறுகிறது. மாறாமல் இருப்பது வெளியூரில் சொன்னதை வீட்டில் ஒரு தடவை சொல்லியாக வேண்டும் என்ற கடன் மட்டுமே. பியானோ வித்வானும் எழுத்தாளருமான சார்லஸ் ரோசன் இதைத் தன் நூல்களில் விரிவாக வாதிட்டிருக்கிறார். அவர் சொன்னதை நம் சுருதிப் பேச்சில் சொல்வது இன்னும் சுலபம் என்பதுதான் நான் சேர்ப்பது.

இங்கே சபா வட்டாரத்திலிருந்து ஒரு குரல் எழும்: ராகம் தானம் பல்லவி இருக்கும்போது இதில் என்ன புதுமை? பல்லவியை எடுத்து, நிரவல் செய்து, மூன்று காலங்களில் புரட்டி, ராகமாலிகையில் உலாவவிட்டு, கடைசியில் எடுப்புக்கு வருகிறோமே, அதுதானே முன்வைப்பு, விரிவு, திரும்புதல்? கேட்க இனிமையான ஒப்பீடு. மேல்நாட்டார் மெச்சுவதற்காகப் பல மேடைகளில் சொல்லவும் பட்டிருக்கிறது. ஆனால் பொருந்தவில்லை. பல்லவியில் நாம் காத்திருப்பது தாளத்தின் ஓர் இடத்துக்காக. எடுப்பு சரியான அட்சரத்தில் விழுந்ததும் கைதட்டல். ராகமாலிகையில் ராகம் ஆறு முறை மாறினாலும் சட்ஜம் ஆறு முறையும் அதே ஒரு கட்டை, அதே ஐந்து கட்டை. கிரக பேதம் செய்து காட்டும் வித்வான்கூட மோகனத்தின் காந்தாரத்தை ஒரு கணம் சட்ஜமாக்கிவிட்டு, ரசிகர் புரிந்து தலையாட்டுவதற்குள் ஓடி வந்துவிடுகிறார். வெளியே தங்குவது அங்கே அபச்சாரம். சொனாட்டாவிலோ கால்வாசி நேரத்துக்கு மேல் வெளியே தங்குவதே வேலை. ஒரு விட்டுக்கொடுப்பும் செய்யவேண்டும். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களில் கடைசியானது, 1822-ல் முடித்த ஓபஸ் 111, இரண்டே பகுதிகள். முதலாவது புயல் அடிக்கும் சொனாட்டா அமைப்பு. இரண்டாவது ஒரு சிறு கீதமும் அதன் மாறுபாடுகளும், பெரும்பாலும் சி மேஜரை விட்டு நகராமல். அப்போது திருவையாற்றில் தியாகராஜர் இருந்தார். ஒரே வரிக்குச் சங்கதிமேல் சங்கதியாக அவர் கிருதிகளில் அடுக்கிய அந்த முறைக்கு, இந்த அமைப்பின் ஆகப்பெரிய எழுத்தாளர் கடைசிச் சொனாட்டாவில் வந்து சேர்ந்திருக்கிறார். நம் ஆட்கள் பீத்தோவனில் ஒன்றே ஒன்றுதான் கேட்போம் என்றால் இதைத்தான் கையில் கொடுக்கவேண்டும். ஆனால் அது சொனாட்டா அமைப்பைக் கற்றுத்தராது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் மேற்கிலிருந்தே வருகிறது. நிக்கலஸ் குக் என்ற இசையறிஞர் 1987-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தொடங்கிய சுருதியில் முடியும் வடிவத்தையும் முடிவை வேறு சுருதிக்குத் திருகிய வடிவத்தையும் இசை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். ஒரு நிமிடம் அளவிலான துண்டுகளைத் தாண்டியதும் அவர்களால் பெரிதாக வேறுபாடு உணரமுடியவில்லை. படித்த காதே வீட்டுச் சுருதியை நினைவில் வைத்திருக்கவில்லை என்றால், சுருதியின் பயணமே சொனாட்டா என்று சொல்வது காகிதத்தில் மட்டும் இருக்கும் அழகு அல்லவா? நல்ல கேள்வி. பதில் அந்தச் சொனாட்டாக்களுக்குள்ளேயே இருக்கிறது. கேட்பவர் மறந்துவிடுவார் என்பது அவற்றை எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால் வீடு நெருங்கும்போது தெரியப்படுத்திக்கொண்டே வருகிறார்கள். பீத்தோவனின் ‘வால்ட்ஸ்டைன்’ சொனாட்டாவில் (1804) இரண்டாவது மெட்டு வழக்கமான பஞ்சமத்துக்குப் போகாமல் காந்தாரத்துக்கு, ஈ மேஜருக்குப் போய்விடுகிறது. வெகு தூரம். திரும்பும்போது அவர் செய்வதைக் கவனித்தால் போதும். இடது கை அடிமட்டத்தில் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு உறுமுகிறது, பத்துப் பார்களுக்கு மேல், தாழ்ந்த குரலிலிருந்து மெல்ல மெல்லப் பெருத்து. சட்ஜம் எது என்பதை மறந்திருந்தவருக்கும் இப்போது ஒன்று நிச்சயம் தெரியும்: அடுத்து விழவேண்டியது எது என்று. நினைவு தேவையில்லை, எதிர்பார்ப்பு போதும். அவருக்குக் குறும்பு பிடித்தால் அந்த எதிர்பார்ப்பையே ஏமாற்றுவார். எஃப் மேஜரில் உள்ள ஓபஸ் 10-ன் இரண்டாம் சொனாட்டாவில் ஆரம்ப மெட்டு அப்படியே திரும்பிவிட்டது என்று நாம் சாய்ந்து உட்கார்ந்தால், அது டி மேஜரில் இருக்கும். கொஞ்ச தூரம் போனபின் ‘அடடா’ என்று திருத்திக்கொண்டு எஃப்புக்கு வரும். கேட்பவருக்கு வீடு தெரியாது என்றால் இந்த வேடிக்கைக்கு அர்த்தமே இல்லை. ஹைடன் 1794-ல் எழுதிய ஈ ஃபிளாட் சொனாட்டாவின் நடுப்பகுதியை அரைக் கட்டை தள்ளி ஈ மேஜரில் வைத்தபோதும் இப்படித்தான். அந்த முதல் ஸ்வரக்கோவை விழுந்ததும் எங்கோ வந்துவிட்டோம் என்று உடம்பே சொல்லும். தம்புராவோடு வளர்ந்த காது இதை மேலும் கூர்மையாக உணரும் என்றே நம்புகிறேன். சுருதி அரை இழை விலகினால் முகம் சுளிப்பவர்களைவிட சுருதி ஊர்விட்டுப் போவதை யார் உணர்ந்துவிடப் போகிறார்கள்?

அந்தக் காதுக்கு இதைக் கொண்டுசேர்க்கச் சென்னையில் ஆள் இல்லாமல் போகவில்லை. 1842-ல் மிஸ்க்வித் கடையாகத் தொடங்கி இன்று மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் அண்ணா சாலையில் நிற்கும் நிறுவனம் பியானோக்களை விற்றதோடு, டிரினிட்டி தேர்வுகளையும் இங்கே நடத்திவருகிறது. சென்னை வானொலியில் மேற்கத்திய இசை என்றால் ஹேண்டல் மானுவேல் என்று ஒரு காலம் இருந்தது. வால்வு ரேடியோ சூடாகும்வரை பொறுத்திருந்து, கரகரப்புக்கு நடுவே அதைக் கேட்ட வீடுகள் பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் இருந்த ரயில்வே குடியிருப்புகள் வரை நீண்டன. தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசைப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் இளையராஜா ஒருவர். அந்த இளையராஜா 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பைச் செய்தபோது அவர் கைகுலுக்கியது பாக்கோடு, ஹைடனோடு அல்ல. பாக்கின் குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப்போவதைச் சட்ஜத்தை அசைக்காமலே கர்நாடக ஸ்வரங்களில் நெய்துவிடலாம். சொனாட்டாவில் முதல் வேலையே சட்ஜத்தை அசைப்பது. 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றும்வரை அவரும் அந்தப் பெரிய அமைப்புக்கு மேடையில் இடம் கொடுக்கவில்லை. மூன்று நாலு நிமிடச் சினிமாப் பாட்டில் ஊருக்குப் போய்வர நேரமும் கிடையாது. அந்தச் சமாதானம் நியாயமானதுதான். இன்று பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் சர்ச்சுகளிலும் திருமண மண்டப மெல்லிசைக் குழுக்களிலும் கீபோர்டு இருக்கிறது. அதில் ‘டிரான்ஸ்போஸ்’ என்று ஒரு பட்டன். பாடகருக்கு ஒன்றரைக் கட்டை எட்டவில்லையா, பட்டனை அழுத்து, எல்லாம் ஒரு கட்டைக்கு இறங்கிவிடும். விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும். ஆர்மோனியக்காரர் கட்டை மாற்றி வாசித்துத் திணறிய காலம் போய், சுருதியை மாற்றுவது இத்தனை எளிதாகிவிட்டது. ஆனால் இதுவும் சுருதியின் பயணம் அல்ல. வீட்டையே பெயர்த்துப் பக்கத்து மனையில் வைப்பது. பாட்டுக்கு உள்ளே எதுவும் நகரவில்லை.

உள்ளே நகர்வதைக் கேட்க பியானோ வேண்டியதில்லை, டிரினிட்டி வகுப்புகூட வேண்டியதில்லை. கைப்பேசியில் சுருதிப்பெட்டி ஆப் இருக்கும். அதை ஒரு கட்டையில், ஸ-ப வைத்து ஓடவிடுங்கள். மேற்கத்தியர்களின் சியும் நம் ஒரு கட்டையும் ஒன்றே. இன்னொரு போனில் கே. 545-ஐ நவீன பியானோவில் வாசித்த பதிவாகப் பார்த்துப் போடுங்கள். பழங்கால ஃபோர்ட்டேபியானோப் பதிவுகள் பல சுருதி இறங்கியிருக்கும், அவை இந்தச் சோதனைக்கு ஆகா. முதல் பன்னிரண்டு பார்கள் சுருதியோடு சுகமாக இழையும். தீட்சிதர் கேட்டிருந்தால் சாகித்தியம் போட்டிருப்பார். இரண்டாவது மெட்டு வந்ததும், சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருப்பதால், கல்யாணியின் சாயல் தட்டும். மெட்டு ஏதோ அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றும், முடிவுக்கு வந்த பிறகும் முடியாததாகவே இருக்கும். இப்போது சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டு அதே இடத்தைத் திரும்பப் போடுங்கள். கல்யாணி மறைந்துவிடும். அதே ஸ்வரங்கள் தரையில் கால் ஊன்றிய சங்கராபரணமாக நிற்கும். மொசார்ட் எழுதியது இந்த இரண்டாவது. மணலிக்கு வந்திருந்தால் கேட்டிருக்கப் போவது முதலாவது. மேலே போகவிட்டுப் பெட்டியை மறுபடி ஓடவிட்டால், நடுப் பகுதியில் நெருடல் தாங்காது. எஃப் மேஜரில் மெட்டு திரும்பும்போது சட்ஜம் இசைந்து, பஞ்சமம் மட்டும் லேசாக உறுத்தும். ஐம்பத்தொன்பதாவது பாரில் உறுத்தல் நிற்கும். அங்கிருந்து கடைசிப் பதினைந்து பார்களுக்குப் பெட்டியை நிறுத்தத் தேவையில்லை.